பருத்த உடம்பு, யோகா, மனசு: வகுப்பில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

திருச்சியில் எட்டு வருடமாக ஒரு சின்ன யோகா வகுப்பு நடத்துகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் எண்பது கிலோவைத் தாண்டியவர்கள். நானும் அந்தக் கட்சிதான். ஒரு காலத்தில் 104 கிலோ, இப்போது 92. நான் டாக்டர் இல்லை. போனிலும், வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டும் நேரத்திலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காவது உதவட்டும்.

யோகா செய்தால் மாதம் எத்தனை கிலோ குறையும்?

முதல் போனில் முதல் கேள்வி இதுதான். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் மறுபடி கூப்பிடுவதில்லை. பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்: யோகாவால் மட்டும் அதிகம் குறையாது. சாதாரண ஹட யோகாவில் உடம்பு செலவழிக்கும் சக்தி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாவதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 80 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் செய்தால் சுமார் 200 கலோரி. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மசாலா தோசை சாப்பிட்டால் தீர்ந்தது கணக்கு. சூரிய நமஸ்காரத்தை வேகமாகச் செய்தால் செலவு கூடும். ஆனால் 95 கிலோ உடம்பை முதல் மாதமே அப்படி விரட்டுகிற ஆசிரியரை நம்பி உங்கள் முழங்காலை ஒப்படைக்காதீர்கள்.

எடைக்குச் சாப்பாடு, நடை, தூக்கம், தேவைப்பட்டால் மருந்து எல்லாம் சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சியும் சொல்லியிருக்கிறார்கள். யோகாவை அதில் ஒரு பங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறையாது என்றால் அப்புறம் எதற்கு வர வேண்டும்?

தூக்கத்துக்கு, படபடப்புக்கு, காலையில் எழுந்ததும் வரும் அந்தச் சோர்வுக்கு. மனச்சோர்வு அறிகுறிகளும் மன அழுத்தமும் யோகாவால் ஓரளவு குறைகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறையையும் சொல்ல வேண்டும். அவற்றில் பல சின்ன ஆய்வுகள், சில வாரங்களோடு முடிந்துவிட்டவை. மாத்திரை ஆய்வு என்றால் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். யோகா செய்கிறவருக்குத் தான் யோகா செய்வது தெரியாமலா இருக்கும்? நடைப்பயிற்சி போன்ற மற்றப் பயிற்சிகளோடு வைத்துப் பார்த்தால் யோகாதான் உசத்தி என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட நல்லது, அவ்வளவு நிச்சயம்.

நான் பார்க்கும் காரணங்களில் ஒன்று மூச்சு. நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டால் ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு ஆறு. இந்த வேகத்தில், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு கொஞ்சம் நிதானப்படும். படபடப்பு வரும்போது மூளை உடம்பை விரட்டுகிறது என்றால், இங்கே உடம்பு மூளைக்குப் பதில் சொல்கிறது.

இன்னொரு காரணம் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் படித்ததில்லை, வகுப்பில் பார்த்தது. நம்மில் பலருக்கு உடம்பு என்பது பிறர் பார்த்து மார்க் போடும் பொருளாகவே ஆகிவிட்டது. கண்ணாடி, போட்டோ, தையல்காரரின் இஞ்சு டேப். கண்ணை மூடி, உள்ளங்காலில் தரையின் குளிர்ச்சி தெரிகிறதா என்று கேட்டால், "தெரியுது மேடம்" என்று ஒரு குரல் ஆச்சரியத்தோடு வரும். அந்தக் காலைப் பற்றி அவர் பல வருடம் வலியைத் தவிர வேறெதுவும் நினைத்திருக்க மாட்டார்.

குண்டாக இருப்பதால் மனசு சோர்கிறதா, மனசு சோர்ந்ததால் குண்டாகிறோமா?

இரண்டும். 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சுமார் 58,000 பேரைத் தொடர்ந்து கவனித்த 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் அதிகம். மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் உடற்பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகம். பாதை இரு பக்கமும் ஓடுகிறது.

தூக்கம் கெட்டால் பசி கூடுகிறது. நாள்பட்ட மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறியே இருந்தால் வயிற்றில் கொழுப்பு சேரச் சாதகமாகிறது. முழங்கால் வலித்தால் வெளியே போக மனம் வராது. வெளியே போகாவிட்டால் மனசு இன்னும் சுருங்கும். சிலருக்குத் தைராய்டு குறைபாடோ பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறோ பின்னால் இருக்கும், அதைப் பரிசோதிக்காமல் "சோம்பேறித்தனம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இதற்கெல்லாம் மேல் ஊர் வாய். "கட்டுப்பாடு இல்லாதவர்கள்தான் குண்டாகிறார்கள்" என்ற பேச்சு அறிவியலோடு ஒத்துப்போகவில்லை என்று பல நாட்டு மருத்துவ அமைப்புகள் 2020-இல் சேர்ந்து ஓர் அறிக்கையே விட்டன. அந்த அறிக்கை நம் ஊர்க் கல்யாண வீடுகளை இன்னும் எட்டவில்லை.

என் உயரம் 160 சென்டிமீட்டர், எடை 66. நானும் இந்தக் கணக்கில் வருவேனா?

எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. உங்களுக்கு 25.8 வரும். உலக அளவில் 30-க்கு மேல்தான் உடற்பருமன். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-இலிருந்தே உடற்பருமன் என்று நம் மருத்துவர்கள் 2009-இல் வரையறுத்தார்கள். நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் கொழுப்பும் வந்துவிடுவதுதான் காரணம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் 25-ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தார்கள். 2025-இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு, பிஎம்ஐயை மட்டும் வைத்து யாரையும் நோயாளி என்று சொல்லாதீர்கள், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா, அன்றாட வேலை தடைபடுகிறதா என்று பாருங்கள் என்று சொன்னது. எனக்குச் சரியாகப் படுகிறது.

வகுப்புக்கு வர வெட்கமாக இருக்கிறது. எல்லோரும் ஒல்லியாக இருப்பார்களே?

இந்தக் கேள்விக்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது, 104 கிலோ. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். மூன்றாம் நாள் பஸ்சிமோத்தாசனம், அதாவது காலை நீட்டி உட்கார்ந்து குனிந்து பெருவிரலைப் பிடிப்பது. என் வயிறு தொடையில் முட்டி நின்றுவிட்டது. ஆசிரியர் வந்து முதுகில் கை வைத்து அழுத்தினார். மூச்சு முட்டியது. "முதல்ல இந்தத் தொப்பையைக் குறைச்சுட்டு வாங்கம்மா" என்றார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவள், இரண்டு வருடம் யோகா என்ற சொல்லையே எடுக்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அந்த ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று, உடம்புக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுவது, யோகாவில் ஏற்கெனவே இருந்தது என்று. யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் புணேயில் மரக்கட்டை, பட்டை, நாற்காலி, திண்டு எல்லாம் வைத்துப் பல வருடம் இதையே செய்துகொண்டிருந்தார். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றிக் கொடுத்தவர். அவர் மகன் தேசிகாசார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதையே வழக்கமாக வைத்தது. தொடையை அகட்டி, எதிரே ஒரு நாற்காலி போட்டு, அதன் இருக்கையில் கையை வைத்துக் குனிந்திருந்தால் அன்றைக்கு எனக்கும் வந்திருக்கும் பஸ்சிமோத்தாசனம்.

சேரும் முன் ஆசிரியரிடம் போனில் மூன்று விஷயம் கேளுங்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்குச் சொல்லித் தருவீர்களா? தொடுவதற்கு முன் கேட்பீர்களா? வாராவாரம் எடை பார்ப்பீர்களா? மூன்றாவதற்கு "ஆமாம், கட்டாயம்" என்று உற்சாகமாகப் பதில் வந்தால் வேறு வகுப்பு தேடுங்கள் என்பேன். முதல் வாரம் கடைசி வரிசையில், சுவரோரம் இடம் பிடித்துக்கொள்வதில் தப்பே இல்லை.

கீழே உட்காரவே முடியாது. உட்கார்ந்தால் எழ முடியாது.

நாற்காலியில் தொடங்குங்கள். ஆனால் எந்த நாற்காலி? மண்டபத்து வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். அதன் கை இடுப்பை இறுக்கும். வழுவழுத் தரையில் கால் விரியும். நம்மைப் போன்றவர்கள் உட்காரும் முன் அதைக் கையால் ஒரு தடவை அழுத்திப் பார்ப்போமே, எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கை இல்லாத மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ, பின்பக்கம் சுவரை ஒட்டி, கீழே வழுக்காத மிதியடி போட்டு வையுங்கள்.

முன்பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். பாதம் தரையில் முழுசாகப் படட்டும். எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை. காலைச் சேர்த்து வைக்க முயல வேண்டாம், வயிறு இறங்க இடம் விட்டு அகட்டியே வையுங்கள். மூச்சை இழுத்தபடி கைகளைத் தூக்கி, விட்டபடி இறக்குங்கள், ஆறு முறை. தோள் வலித்தால் காது வரை போக வேண்டியதில்லை. பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்து மெதுவாக ஒரு பக்கம் திரும்பி, மூன்று மூச்சு இருந்து, மறு பக்கம். அப்புறம் எழுந்து, இருக்கைப் பக்கம் சுவரைத் தொடும்படி நாற்காலியைத் திருப்பி, அதன் முதுகைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து முறை. மறுபடி உட்கார்ந்து, முன்னே சொன்ன நாலு–ஆறு மூச்சு ஐந்து நிமிடம். மொத்தம் இருபது நிமிடம் ஆகும். முதல் மாதத்துக்கு இது போதும்.

தரையிலிருந்து எழுவதைத் தனிப் பயிற்சியாகவே சொல்லித் தருகிறேன். ஒருக்களித்துப் படுங்கள், கையை ஊன்றி மண்டிக்கு வாருங்கள் (முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வை), எதிரே உள்ள நாற்காலியின் இருக்கையில் இரு கையையும் வையுங்கள், ஒரு காலை முன்னே ஊன்றி எழுங்கள். எங்கள் வகுப்பில் அறுபத்திரண்டு வயது அக்கா ஒருவர் இதற்கு ஏழு வாரம் எடுத்துக்கொண்டார். அது கைவந்த அன்று, "இனி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா மருமகளைக் கூப்பிட வேண்டியதில்ல" என்றார். அவருக்கு அதுவரை வீட்டில் தனியாக இருக்கவே பயம். அவர் எடை அந்த ஏழு வாரத்தில் முக்கால் கிலோ ஏறியிருந்தது.

செய்யக் கூடாதவை என்ன?

சிரசாசனம் (தலைகீழாக நிற்பது), சர்வாங்காசனம் (தோளில் நிற்பது) வேண்டாம். முழு உடம்பின் பாரமும் கழுத்தில் இறங்கும். சர்வாங்காசனத்தில் மார்பும் வயிறும் சேர்ந்து மூச்சை அடைக்கும். ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதியை, அதாவது வயிற்றை உதறி வேகமாக மூச்சு விடும் பயிற்சியை, தவிர்க்க வேண்டும். "தொப்பை கரையும்" என்று டிவியில் சொல்வதை நம்பி அரை மணி நேரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் காலை வகுப்புக்கு வருவது பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

பலத்த குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிகிறவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கலாம். அவர்களுக்கு மல்லாந்து படுக்கும் சவாசனமே சிரமம். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்கச் சொல்கிறேன். அந்தக் குறட்டையையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். எரிச்சலுக்கும் மறதிக்கும் சோர்வுக்கும் பல சமயம் அதுவே காரணம்.

கண்ணை மூடி உட்கார்ந்தால் அமைதி வருவதற்குப் பதில் அழுகை வருகிறது.

வரும். பலருக்கு வந்திருக்கிறது. நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தால் தெரியாதது, உட்கார்ந்தால் தெரிகிறது. ஓரிரு நாள் அழுது லேசானால் சரி. ஆனால் நெஞ்சு படபடத்து, பழைய கசப்பான சம்பவம் கண்முன் ஓடி, வகுப்பு முடிந்தும் விடாமல் தொடர்ந்தால் தியானத்தை நிறுத்துங்கள். கண்ணைத் திறந்தே இருங்கள், ஜன்னல் கம்பியை எண்ணுங்கள், பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், மூச்சைக் கவனிக்க வேண்டாம். "கர்மா வெளியேறுகிறது, தாங்கிக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மனநல ஆலோசகரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைக் காலி செய்துவிடுகிறேன். யோகா இதை மாற்றுமா?

கொஞ்சம். டப்பாவைத் திறக்கும் முன் நின்ற இடத்திலேயே ஆறு மூச்சு. தடுப்பதற்காக இல்லை. பசியா, கோபமா, சலிப்பா, பகலில் சரியாகச் சாப்பிடவில்லையா என்று பார்ப்பதற்கு. பார்த்த பிறகும் வேண்டும் என்றால் கிண்ணத்தில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். என் அனுபவத்தில் பாதிக் கேஸ், காலையில் "டயட்" என்று இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டவர்கள். அவர்கள் உடம்பு ராத்திரி கணக்குக் கேட்கிறது.

ஆனால் வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக, கட்டுப்படுத்தவே முடியாமல், வயிறு வலிக்கும் வரை, யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டு, பின் உங்களையே வெறுக்கிறீர்கள் என்றால் அதற்குப் பிஞ்ச் ஈட்டிங் என்று பெயர். அது ஒரு நோய், சிகிச்சை உண்டு. ஆறு மூச்சை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

மனநல மாத்திரையால்தான் எடை ஏறியது. யோகா தொடங்கிவிட்டேன், மாத்திரையை விடலாமா?

விடாதீர்கள். ஒலான்சபின், மிர்டாசபின், வால்ப்ரோயேட் போன்றவை எடையை ஏற்றுவது உண்மை, உங்கள் புலம்பலில் நியாயம் இருக்கிறது. அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். எடையை அவ்வளவு ஏற்றாத மாற்று பல சமயம் உண்டு. நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

ஊசி போட்டு எடை குறைக்கிறேன். இனி யோகா தேவையா?

டிர்செபடைட், செமாகுளூடைட் ஊசிகள் 2025-இலிருந்து இங்கே எடைக்காகவே கிடைக்கின்றன. நல்ல பலன் தருகின்றன, டாக்டர் பார்வையில் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் குறைகிற எடையில் தசையும் போகும். நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழுவது, குதிகால் தூக்குவது எல்லாம் அப்போதும் வேண்டும். குமட்டல் உள்ள நாளில் குனியும் ஆசனங்களை விட்டுவிடுங்கள்.

வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.

"யானை யோகா செய்யுதாம்" என்று ஒருவர் வீட்டில் சொன்னார்களாம், அதுவும் பெற்ற பிள்ளை. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. விசேஷ வீட்டில் அத்தையோ சித்தியோ "என்னடி இப்படி வெயிட் போட்டுட்ட" என்றால், "ஆமா அத்தை, நீங்க எப்படி இருக்கீங்க, கால் வலி தேவலையா?" என்று பேச்சை மாற்றிவிடுங்கள். நெருங்கியவர்களிடம் மட்டும் நேராகச் சொல்லலாம்: என் எடையைப் பற்றி நானே பேசினால் பேசு, நீயாக எடுக்காதே. எல்லா வீட்டிலும் பலிக்காது. எங்கள் வீட்டில் பலிக்க மூன்று வருடம் ஆயிற்று.

பலன் எத்தனை நாளில் தெரியும்?

தூக்கம் இரண்டு மூன்று வாரத்தில் பலருக்கு மாறும். மனநிலைக்கு எட்டுப் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அதன் பின்பக்கம் மூன்று வரி எழுதச் சொல்கிறேன்: எத்தனை மணிக்குத் தூங்கினேன், இன்று யாரிடம் எரிந்து விழுந்தேன், மாடிப்படியில் எங்கே நின்றேன். மாதக் கடைசியில் அடுக்கிப் பாருங்கள்.

எப்போது யோகா போதாது?

இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருக்கிறது, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமோ பசியோ தலைகீழாகிவிட்டது என்றால் மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

யூடியூப் பார்த்துச் செய்தால் போதாதா?

நாற்காலி யோகாவுக்குப் போதும். மற்றதற்கு, உங்கள் அளவு உடம்புள்ள ஒருவர் செய்து காட்டும் வீடியோ கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.

என்ன உடுத்துவது? சேலையோடு வரலாமா?

தாராளமாக. எங்கள் வகுப்பில் நாலு பேர் நூல் சேலையில்தான் வருகிறார்கள். கொசுவத்தைச் சற்று உயர்த்திச் செருகி, முந்தானையைப் பின் குத்திவிடுவார்கள். சுடிதார் என்றால் துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு, பெரிய காட்டன் டாப்ஸ். வேட்டி கட்டும் ஆண்கள் உள்ளே ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளட்டும். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் நீளமான உள் ஷார்ட்ஸ் போடுங்கள், தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள். பாய் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, வீட்டு ஜமுக்காளம் தரையில் வழுக்காமல் இருந்தால் அதுவே போதும்.